மாறாத நான்கு டிகிரி

போன வாரம் உங்களில் ஒருவர் அனுப்பிய பேட்ச், அதாவது நிரல் திருத்தம், எனக்கும் வந்து சேர்ந்தது. பழைய குளிர் அறைப் பெட்டிகளின் சென்சாரைப் படிக்கும் டிரைவர் நிரலைக் கெர்னலிலிருந்து மொத்தமாக எடுத்துவிடலாம் என்கிற பேட்ச். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஆளுக்கு இது ஏன் போகிறது என்று நீங்கள் யோசித்திருக்கலாம், யோசிக்காமலும் இருந்திருக்கலாம். ஒரு கோப்பில் கை வைத்தால், அதில் முன்பு கை வைத்தவர்கள், சரிபார்த்தவர்கள் எல்லோருடைய முகவரியையும் பேட்ச் அனுப்பும் கருவியே தேடி எடுத்து மின்னஞ்சல் நகலில் சேர்த்துவிடும். அந்தக் கோப்பில் இரண்டு பழைய பெயர்கள் உண்டு. ஒன்று என்னுடையது.

அதே வாரம் கணேசன் போன் செய்து, “புதுசா ரிவ்யூ பண்ண வர்ற பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க சேகர், நாலு பக்கம் போதும்” என்றார். கணேசன் நம் கம்பெனியில் அப்போதும் மேலாளர், இப்போதும் மேலாளர். நான் பாடம் எழுதுகிற ஆள் இல்லை. செகண்டரி இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் துடைத்தேன், பாத்தாமில் ஒரு தொழிற்சாலையில் சாலிடர் வைத்தேன், ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து தராசுகள் பழுது பார்த்தேன். எங்கும் இரண்டு வருஷம் முழுசாகத் தங்கியதில்லை. தராசுக்குள் ஓடிய மென்பொருள் கெட்டுப்போனபோது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் கடையில் யாரும் இல்லை. அதனால் நான் கற்றுக்கொண்டேன். வேலை இல்லாத மாதங்களில் நூலகத்தில் போய் உட்கார்ந்து கெர்னல் படித்தேன். அங்கே ஏசியும் உண்டு, குடிதண்ணீரும் உண்டு.

கெர்னல் என்பது இயந்திரத்தின் அடியில் ஓடுகிற மென்பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஓடும் நிரல் தப்பு செய்தால் அது மட்டும் செயலிழந்து விழும். அடியில் இருப்பது தப்பு செய்தால் இயந்திரமே விழும். அதனால்தான் கெர்னலில் ஆறு வரி மாற்றுவதற்கும் இன்னொருவர் உட்கார்ந்து படித்து, ‘பார்த்தேன், சரி’ என்று தன் பெயரை அதன் கீழே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் ரிவ்யூ என்று பெயர். அந்த வரி அழியாது. நாம் போன பிறகும் அங்கேயே இருக்கும்.

என் முதல் பேட்ச்சைத் தராசுக் கடையிலிருந்து, கெர்னல் எழுதுகிறவர்களின் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினேன். எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர் அதைத் திருப்பி அனுப்பினார். ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருந்தார்: இது விழாமல் இருக்க என்ன செய்தாய் என்று சொல்கிறாய், ஏன் விழுந்தது என்று சொல்லவில்லையே. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. பிறகு அவரை நான் பட்டியலில் பார்க்கவே இல்லை. ரிவ்யூ பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் தேவைப்பட்ட ஒரு நாளில் நான் பயன்படுத்தவில்லை. அந்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

ஆங் மோ கியோ கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நம் கம்பெனி இருந்த காலம். சாங்கி விமான நிலையத்துச் சரக்குக் கிடங்குகளில் மருந்து வைக்கும் குளிர் அறைகளுக்கு நாம் பெட்டி செய்துகொடுத்தோம். அறைக்குள் ஒரு சென்சார், வெளியே ஒரு பெட்டி, பெட்டியில் வெப்பநிலை காட்டும் ஒரு எண். எண் எட்டைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் சில நாட்களுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பெட்டி அப்படியே விழுந்துவிடும். நாற்பது விநாடியில் தானாக எழுந்து மறுபடி ஓடும். என்றாலும் மருந்து வைக்கும் அறையில் பெட்டி விழுந்தது என்று பதிவேட்டில் எழுதினால் கஸ்டமர் சும்மா இருப்பாரா?

அந்த பக், அந்தப் பிழையைச் சரிசெய்யும் வேலை, சுகந்தியிடம் இருந்தது. நாலு மாதமாக இருந்தது. சுகந்தி எனக்கு எதிர் மேசை. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம், இங்கேயே பிறந்து படித்தவர், முறையாகப் பட்டம் வாங்கியவர். நான் கப்பலில் இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைக் கப்பல்காரரே என்றுதான் கூப்பிடுவார். நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. எங்கும் இரண்டு வருஷம் தங்காதவன் ஆறு வருஷம் ஏன் தங்கினேன் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் குடும்பம் என்று தனியாக இல்லை, எனக்கும் இல்லை. நான் எதுவும் சொன்னதும் இல்லை.

மெல்பர்னில் அண்ணன் வீட்டில் இருந்த அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. சுகந்தி வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விடுவது என்று முடிவு செய்தார். சனிக்கிழமை விமானம். அந்த வாரத் திங்கட்கிழமை அவருடைய பேட்ச் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது.

வியாழக்கிழமை மதியம் கீழே கேன்டீனில் தே ஓ கொசோங் கோப்பையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் ஒரு தேநீரை எப்படித்தான் குடிக்கிறாரோ என்று ஆறு வருஷமாக எனக்கு ஆச்சரியம்.

“என்ன கப்பல்காரரே, பாத்தாச்சா இல்லையா?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“திங்கக்கிழமையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க. மொத்தமே ஆறு வரி லா. கப்பல்லயும் இப்படித்தானா, ஒரு வரிக்கு அரை நாளு?”

“கப்பல்ல ஏது வரி? துடைக்கிறதுதான்.”

“அப்ப இதையும் சீக்கிரமா துடைச்சு விடுங்க.” சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “உண்மையச் சொல்றேன் சேகர். இத மூடாம போனா அங்க போயும் நிம்மதியா இருக்க முடியாது. அம்மாவுக்கு சோறு ஊட்டுறப்பகூட இதையேதான் நினைச்சுக்கிட்டு இருப்பேன். ஏதாச்சும் சரியில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. டிக்கெட்ட மாத்திக்கலாம்.”

“டிக்கெட்ட மாத்துவீங்களா?”

“நாலு மாசம் வச்சிருந்தேன். பத்து நாள் கூட வச்சா என்ன?”

நான் மேலே போனேன்.

அந்த பேட்ச் செய்தது இதுதான். சென்சாரைப் படிக்கும் நிரல், அந்த சென்சாருக்காகக் கெர்னல் வைத்திருக்கும் பதிவைத் திறந்து பார்க்கும். சில நேரம் பதிவு காலியாக இருக்கும். காலியானதைத் திறக்கப் போய்த்தான் பெட்டி விழுந்தது. சுகந்தியின் ஆறு வரி என்ன சொன்னது என்றால், காலியாக இருந்தால் திறக்காதே, கடைசியாகப் படித்த எண்ணையே கொடு. படித்தால் நியாயமாகத்தான் தெரியும். சோதனையிலும் மூன்று நாள் பெட்டி ஒரு முறைகூட விழவில்லை.

சோதனை நடந்த இடம் நம் அலுவலகத்தின் மூலையில் இருந்த ஒரு வீட்டு பிரிட்ஜ். அதற்குள் தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்குள் சென்சார். அதில் யாரும் சாப்பாடு வைக்கக் கூடாது என்று சுகந்தி கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். கிடங்கில் அறையைக் கழுவும்போது சென்சாரைக் கழற்றி மாட்டுவார்கள் என்பதால், அதே மாதிரி கழற்றி மாட்டும் ஒரு சுவிட்ச்சும் வைத்திருந்தார். நல்ல ஏற்பாடு. ஒரு குறைதான். அந்தத் தண்ணீர் எப்போதும் நான்கு டிகிரியிலேயே இருக்கும்.

நான் சோதனைப் பதிவை முதலிலிருந்து படித்தேன். முதல் நாள் நான்கு, மூன்று புள்ளி ஒன்பது, நான்கு, நான்கு புள்ளி ஒன்று என்று சின்னச் சின்ன அசைவு இருந்தது. இரண்டாம் நாள் மாலை வரை அப்படித்தான். பிறகு நான்கு. அடுத்ததும் நான்கு. மூன்றாம் நாள் முழுக்க, பக்கம் பக்கமாக, அசையாத நான்கு.

தண்ணீர் பாட்டில்தானே, அசையாமல் இருக்கலாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. பதிவு ஏன் காலியாகிறது என்று இந்த ஆறு வரியில் எங்கேயும் இல்லையே என்று இன்னொரு பக்கம் தோன்றியது. ரிவ்யூ எழுதும் இடத்தில் தட்டினேன்: மூன்றாம் நாள் முழுக்க எண் மாறவே இல்லை. ஏன்?

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கப் பத்து நாளாவது ஆகும். டிக்கெட்டை மாற்றுவார். நிச்சயம் மாற்றுவார், அவர் அப்படிப்பட்டவர். இன்னும் பத்து நாள் எதிர் மேசையில் அந்த நாற்காலி காலியாக இருக்காது. இதை நினைத்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததும் அந்தக் கேள்வியின் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. அங்கே படுத்த படுக்கையாக ஒரு அம்மா மகளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். இங்கே நான் ஒரு புள்ளி அசையவில்லை என்று சொல்லி அந்த மகளைப் பிடித்து வைக்கப் பார்க்கிறேனா? கேவலமாக இருந்தது.

கணேசன் அந்தப் பக்கமாகப் போனார். “என்ன சேகர், போட்டாச்சா? நாளைக்கு கஸ்டமருக்குப் போகணும் லா.”

கேள்வியை அழித்தேன். ‘பார்த்தேன், சரி’ என்று போட்டு என் பெயரை எழுதினேன். சுகந்தி நாற்காலியைத் திருப்பி, கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். “புண்ணியமாப் போகும் கப்பல்காரரே!”

சனிக்கிழமை சாங்கிக்குப் போனேன். அவரை வழியனுப்ப உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். நான் கிட்டே போகவில்லை. ஒரு காபி குடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். திங்கட்கிழமை அந்த பிரிட்ஜைக் காலி செய்யச் சொன்னார்கள். கதவில் இருந்த காகிதத்தை நான்தான் கிழித்தேன்.

ஏழு வாரம் கழித்துக் கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். அறைக்கு வெளியே நம் பெட்டி சமர்த்தாக நான்கு என்று காட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மல்லிகா என்கிற அம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த அறைக்குள் மருந்து அட்டைப் பெட்டிகளை அடுக்குகிறவர்.

“நீங்கதான் இந்த மெஷின் ஆளா?”

“ஆமாங்க.”

“நான் அந்த ரூம்ல நின்னு வேலை செய்றவ. ஜாக்கெட்டுக்குள்ள எனக்கு வேர்க்குது. உங்க பெட்டி நாலு, நாலு, நாலுங்குது. நான் யார நம்புறது, நீங்களே சொல்லுங்க.”

உள்ளே போனேன். குளிர் இல்லை. கையில் கொண்டுபோயிருந்த தெர்மாமீட்டர் பதினொன்று காட்டியது. குளிர்விக்கும் இயந்திரம் முந்தின நாளே கெட்டிருந்தது. எண் மாறாததால் மணி அடிக்கவில்லை. அந்த அறையில் இருந்தது இன்சுலின். அவ்வளவையும் அழிக்க வேண்டியிருந்தது. ஒரு அட்டைப் பெட்டிகூட நோயாளியிடம் போகவில்லை. அதற்குக் காரணம் நாங்கள் யாரும் இல்லை, அந்த அம்மாவின் வேர்வை.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. சென்சாரைக் கழற்றினால் கெர்னல் அதன் பதிவைக் காலி செய்கிறது. மறுபடி மாட்டினால் புதிய பதிவு போடுகிறது. படிக்கும் நிரல் சரியாக அந்த நொடியில் நடுவில் மாட்டிக்கொண்டால், பழைய பதிவையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. முன்பெல்லாம் அப்போது பெட்டி விழும், நாற்பது விநாடியில் எழுந்து புதிய பதிவைப் பிடிக்கும். விழுந்ததுதான் அதற்கு வைத்தியமாக இருந்திருக்கிறது. எங்கள் ஆறு வரி விழாமல் பார்த்துக்கொண்டது. பழைய பதிவு என்றைக்கும் காலிதான், அதனால் என்றைக்கும் நான்குதான். மூன்றாம் நாள் முழுக்க நான் பார்த்தது அதையேதான்.

புதிதாக பேட்ச் எழுதினேன். எந்தப் பழைய மாற்றத்தில் தப்பு நுழைந்தது என்று அதில் ஒரு வரி சேர்ப்பது வழக்கம். கணேசன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“அவங்க பேட்ச்தானே தப்பு? அவங்க போயாச்சு. அத மட்டும் போட்டு முடிச்சிடுங்க சேகர், எதுக்கு நீட்டிக்கிட்டு?”

நான் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினேன்: சோதனைப் பதிவில் எண் மாறாமல் நின்றதைச் சரிபார்த்தவர் பார்த்தார், கேட்கவில்லை. கணேசன் தன் மேசைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் நீங்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

அந்த டிரைவர் பொதுக் கெர்னலில் இருந்ததால் பேட்ச் பொதுப் பட்டியலுக்குப் போனது. பழைய மாற்றத்தை எழுதியவர் என்பதால் கருவி சுகந்தியின் முகவரியை நகலில் சேர்த்தது. நான் அதை எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை.

மறுநாள் காலை தேக்கா மார்க்கெட்டில் தேநீரோடு போனைத் திறந்தேன். பதில் வந்திருந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. நான்கு கேள்விகள். நான்கும் சரியான கேள்விகள். கடைசியில் மட்டும் ஒரு வரி: எண் நின்றதைப் பார்த்துவிட்டு ஏன் கேட்கவில்லை?

உலகமே படிக்கிற இடம் அது. மற்ற நான்குக்கும் பதில் எழுதினேன். ஐந்தாவதற்கு, தவறு என்னுடையது என்று மட்டும் எழுதினேன்.

இரண்டாம் வடிவம் அனுப்பினேன். மூன்று கேள்விகள் வந்தன. மூன்றாம் வடிவம். ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் ஒரு பதிவைத் தொடாமல் தடுக்கும் பூட்டுகளின் வரிசை தவறு என்றார். அவர் சொன்னது சரி. நான்காம் வடிவம். மெல்பர்ன் நமக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் கண் விழிக்கும்போது அவருடைய கடிதம் காத்திருக்கும். அம்மாவுக்குக் காலை மருந்து கொடுத்துவிட்டு எழுதுவாராக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை. பூட்டு, பதிவு, வரிசை இவற்றைத் தவிர வேறெதையும் நாங்கள் பேசவில்லை. ஆறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தபோதுகூட நான் அவ்வளவு பேசியதில்லை.

ஐந்தாம் வடிவத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்: ஒரு எழுத்துப் பிழை மட்டும் இருக்கிறது, திருத்தி அனுப்புங்கள், என் பெயரைப் போடுகிறேன்.

பிழையைத் திருத்தினேன். பூட்டுகள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்று நிரலுக்குள் இரண்டு வரி விளக்கம் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் இயந்திரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சுகந்தியின் கண்ணுக்குத் தப்பாது, இன்னொரு கடிதம் வரும். ஆறாம் வடிவத்தை அனுப்பினேன்.

காலையில் கேள்வி வந்தது: ஐந்தில் இருந்த விளக்கம் ஆறில் இல்லை. தவறிவிட்டதா?

ஆமாம் என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு முறை ‘பார்த்தேன், சரி’ என்று பொய் எழுதியவனுக்கு, இரண்டாவது முறையும் எழுத மனம் வரவில்லை. இல்லை என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

“கப்பல்காரரே.”

“சொல்லுங்க.”

“வேணும்னே எடுத்தீங்களா?”

“ஆமா.”

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது.

“அன்னிக்கும் பாத்துட்டுத்தான் கேக்காம விட்டீங்க, இல்ல?”

“ஆமா. கேட்டா நீங்க டிக்கெட்ட மாத்துவீங்கன்னு தெரியும். எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு. அதனால கேக்கல.”

“என்ன மனுஷர் லா நீங்க.” குழாயை மூடும் சத்தம் கேட்டது. “கேட்டிருந்தா மாத்தியிருப்பேன் சேகர்.”

“பக்குக்காகவா?”

“அத இப்ப கேக்காதீங்க. அந்த ரெண்டு வரிய திரும்பப் போட்டு ஏழாவத அனுப்புங்க. பாத்துட்டுப் போட்டுடறேன். அம்மா கூப்பிடுறாங்க.”

ஏழாம் வடிவம் அன்றைக்கே போனது. என் பெயருக்குக் கீழே அவருடைய பெயர் வந்தது. பார்த்தேன், சரி. அதற்குப் பிறகு எழுதுவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. அவருடைய அம்மா எப்படி இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் ஆகிறது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது சிறியது. ரிவ்யூ செய்யும்போது கேள்வி ஒன்று எழும். அது உங்கள் பொறாமையிலிருந்து வரலாம், சோம்பலிலிருந்து வரலாம், எழுதியவர் மேல் இருக்கும் கோபத்திலிருந்தோ ஆசையிலிருந்தோ வரலாம். எங்கிருந்து வந்தாலும் பதிவில் எண் நின்றது நின்றதுதான். நம் மனசு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து முடிக்கும் வரை மருந்து கெடாமல் காத்திருக்காது. முதலில் கேட்டுவிடுங்கள்.

டிரைவரை நீக்கும் உங்கள் பேட்ச்சுக்கு நேற்றுக் காலை ஒரு பதில் வந்திருந்தது. ‘ஆட்சேபம் இல்லை’, கீழே சுகந்தி என்ற பெயர். அவ்வளவுதான். நான் உங்கள் பேட்ச்சை மூன்று முறை படித்தேன். சுத்தமான வேலை. ஆனால் இந்தப் பெட்டி இப்போது எங்கும் பயன்பாட்டில் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, அது எப்படித் தெரியும்? கஸ்டமர் பட்டியலைப் பார்த்தீர்களா, கிடங்குக்குப் போய்ப் பார்த்தீர்களா? நான் கடைசியாகப் போனபோது இரண்டு அறைகளில் அது ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கேள்வி பெட்டிக்காக எழுந்ததா, நகலில் இருக்கும் அந்த முகவரிக்காக எழுந்ததா என்று இந்த முறை நான் விசாரிக்கவில்லை. இன்று காலை கேட்டுவிட்டேன். எல்லோருக்கும் போகும்படியாகத்தான் அனுப்பியிருக்கிறேன்.